சிங்கப்பூர் பாஸா, கோலாலம்பூர் மண்டபமா, ஹேக்கத்தானா? பிளாக்செயின் மாநாட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்

பிட்காயின் மாதிரியான டிஜிட்டல் நாணயங்களுக்கு (கிரிப்டோ) அடிப்படையான பிளாக்செயின் தொழில்நுட்பத்தைப் பற்றிய மாநாட்டுக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், யார் காசில் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். கம்பெனி காசு என்றால் கணக்கே வேறு. சொந்தக் காசு என்றால், அதுவும் பெட்டாலிங் ஜெயாவிலோ பாயான் லெப்பாசிலோ மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரின் காசு என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது. நான் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பேமென்ட் மென்பொருள் எழுதுகிற ஆள். இந்தக் கூட்டங்களுக்குப் பல வருடமாகப் போய் வருகிறேன், தம்பி தங்கைகள் நிறையப் பேர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நம் ஊரிலிருந்து பார்த்தால் வழிகள் இவைதான். சிங்கப்பூரில் நடக்கும் டோக்கன்2049 மாதிரியான பெரிய மாநாட்டுக்கு முழு பாஸ் எடுத்துப் போகலாம். பாஸ் எடுக்காமல் அதே வாரம் சிங்கப்பூர் போய், சுற்றி நடக்கும் சைடு ஈவென்ட்களில் மட்டும் கலந்துகொள்ளலாம். கோலாலம்பூரிலேயே நடக்கும் மாநாட்டுக்குப் போகலாம். டெவ்கான், ஹேக்கத்தான் (குறித்த நேரத்துக்குள் மென்பொருள் செய்து காட்டும் போட்டி) என்று கோடு எழுதுகிறவர்கள் கூடும் இடத்துக்குப் போகலாம். எங்கும் போகாமல் வீட்டிலிருந்தே யூடியூபில் பார்த்துவிடலாம், அதுவும் ஒரு நியாயமான வழிதான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை போகிறவர், சொந்தக் காசில் போகிறவர், கோலாலம்பூரில் தொடங்குவது நல்லது. கோடு எழுதத் தெரிந்தவராக இருந்தால் அதைவிட ஹேக்கத்தான் மேல். சிங்கப்பூர் முழு பாஸ், யாரைப் பார்க்கப் போகிறோம் என்று பெயரோடு பட்டியல் வைத்திருப்பவர் எடுக்க வேண்டியது. ஏன் என்று சொல்கிறேன்.

மேடையை நம்பிக் காசு கட்டாதீர்கள்

மாநாடு என்றதும் எல்லாருக்கும் மேடைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பெரிய பெயர்களைப் போட்டு போஸ்டர் அடிப்பார்கள். போய் உட்கார்ந்து பார்த்தால் தனிப்பேச்சு பதினைந்து, இருபது நிமிஷம். குழு உரையாடல் அரை மணி நேரம், அதில் ஐந்து பேர், ஆளுக்கு ஆறு நிமிஷம்கூடத் தேறாது, அதிலும் முதல் நிமிஷம் அவரவர் கம்பெனியை அறிமுகப்படுத்துவதிலேயே போய்விடும். வணிக மாநாடுகளில் மேடை நேரத்தில் ஒரு பகுதி ஸ்பான்சர் தொகுப்போடு சேர்த்து விற்கப்படுவது. இந்தத் துறையில் எல்லா நாட்டிலும் வழக்கம் அதுதான், ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, ஆனால் கேட்க வருகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலை எடுத்து, பேச்சாளரின் கம்பெனிப் பெயரை அதே மாநாட்டின் ஸ்பான்சர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது பேச்சு, எது விளம்பரம் என்று பாதி அப்போதே விளங்கிவிடும்.

பெரிய மாநாடுகளின் பேச்சுகள் பெரும்பாலும் பிற்பாடு யூடியூபில் ஏறிவிடுகின்றன. எத்தீரியம் என்ற பிளாக்செயினின் அறக்கட்டளை நடத்தும் டெவ்கானின் பேச்சுகள், 2014இல் பெர்லினில் நடந்த முதல் கூட்டத்திலிருந்து தொடங்கி, இலவச ஆவணமாக இணையத்தில் கிடக்கின்றன. ஆகவே நீங்கள் கட்டும் பணத்துக்கு உண்மையில் கிடைப்பது, திரையில் மட்டும் பார்த்த ஆட்களோடு நேருக்கு நேர் நின்று பேசும் நேரம். அந்த நேரம் எங்கே அதிகம் கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை வைத்துத்தான் நான் இந்த வழிகளை ஒப்பிடுகிறேன்.

சிங்கப்பூர், முழு பாஸோடு

டோக்கன்2049 மெரினா பே சாண்ட்ஸில் நடக்கிறது. 2024 செப்டம்பரில் 20,000 பேர், 2025 அக்டோபர் 1, 2 தேதிகளில் 25,000 பேர் என்று அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். தேதியை எப்போதும் ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஒட்டியே வைக்கிறார்கள். 2023, 2024, 2025 மூன்று வருடமும் மாநாடு முடிந்த மறுநாளே பந்தய வாரக்கடைசி தொடங்கியது. அதனால் அந்த வாரம் மெரினா பே பக்கம் ஹோட்டல் விலையைப் பார்த்தாலே தலை சுற்றும். நமக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு, செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்றால் நவராத்திரி குறுக்கே வரலாம். 2025இல் மாநாடு நடந்த இரண்டு நாளும் சரஸ்வதி பூஜையும் விஜயதசமியும்தான். வீட்டில் கொலு வைக்கிற குடும்பம் என்றால் தேதியைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டிக்கெட் விலை படிப்படியாக ஏறும். முதல் கட்டத்தில் சில நூறு அமெரிக்க டாலர், மாநாடு நெருங்க நெருங்க ஆயிரத்தைத் தாண்டிவிடும், ஆயிரம் டாலர் என்றால் நாலாயிரம் ரிங்கிட் பக்கம். போகப் போவது உறுதி என்றால் முதல் கட்டத்திலேயே வாங்க வேண்டும். உறுதியில்லை என்றால் முழு பாஸை மறந்துவிட்டு அடுத்த வழியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் திடீர் ஆசையில் முழு விலை கொடுத்து வாங்குவது இருப்பதிலேயே மோசமான பேரம்.

சரி, உள்ளே எப்படி இருக்கும்? பேட்ஜை முந்தின நாளே போய் வாங்கிவிடுங்கள், முதல் நாள் காலை வரிசை நீளமாக இருக்கும். ஏர்கான் குளிருக்கு ஒரு ஜாக்கெட், நாள் முழுக்க நிற்கத் தோதான சப்பாத்து, பவர்பேங்க், இவ்வளவு இருந்தால் போதும். பூத்தில் நிற்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பேட்ஜைப் பார்ப்பார்கள். நீங்கள் ஃபவுண்டரா, முதலீட்டு ஃபண்டா, டெவலப்பரா என்று முதல் வரியிலேயே கேட்பார்கள், பதிலைப் பொறுத்து அந்தப் பேச்சு இருபது விநாடியா இருபது நிமிஷமா என்பது முடிவாகிவிடும். யாரும் உங்களை அவமதிக்கவில்லை. விற்பனைக்கு வந்தவர்கள் அவர்கள், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்க வேண்டியவர்கள். ஆனால் சும்மா கற்றுக்கொள்ளலாம் என்று போகிற ஒருவருக்கு அந்த மண்டபம் மிகவும் தனிமையான இடம், இதை நான் பல முகங்களில் பார்த்திருக்கிறேன். கை நிறைய டீசர்ட்டும் ஸ்டிக்கரும் சேரும், மனிதர்கள் சேர மாட்டார்கள்.

யாருக்கு இது பிரயோஜனம்? விற்கப் பொருள் இருப்பவருக்கு, முதலீடு தேடுகிறவருக்கு, ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை பார்த்து அடுத்த வேலைக்கு நகர நினைக்கிறவருக்கு. அதிலும் மூன்று வாரத்துக்கு முன்பே மாநாட்டுச் செயலியிலும் டெலிகிராமிலும் எழுதி, இன்னாரை இத்தனை மணிக்கு இந்த இடத்தில் சந்திக்கிறேன் என்று பத்துப் பதினைந்து சந்திப்பாவது உறுதி செய்துவிட்டுப் போனால் நாலாயிரம் ரிங்கிட் வசூலாகிவிடும்.

வேலை தேடிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மட்டும் டிஜிட்டல் டோக்கன் சேவை கொடுக்கும் நிறுவனங்களும் உரிமம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலையை நிறுத்த வேண்டும் என்று அந்நாட்டு நாணய ஆணையம் 2025 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே பூத் போட்டிருக்கும் கம்பெனிக்கு எந்த ஊரில் அலுவலகம், உங்களை எந்த ஊரில் வேலைக்கு வைப்பார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

சிங்கப்பூர், பாஸ் இல்லாமல்

இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை. மாநாட்டு வாரத்தில் சிங்கப்பூர் முழுக்க நூற்றுக்கணக்கான சைடு ஈவென்ட்கள் நடக்கும். காலை உணவுச் சந்திப்பு, டெவலப்பர் பட்டறை, மாடி விருந்து, ஓட்டப் பயிற்சிகூட உண்டு. பெரும்பாலானவை இலவசம், லூமா தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும், அமைப்பாளர் ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். பதிவுப் படிவத்தில் வேலை என்ற இடத்தில் வெறுமனே ஆர்வலர் என்று போட்டால் காத்திருப்புப் பட்டியலோடு நின்றுவிடும். என்ன செய்கிறீர்கள், எதற்கு வருகிறீர்கள் என்று ஒரே வரியில் உண்மையாக எழுதினால் வாய்ப்பு அதிகம். பதிந்தவர்களில் நிறையப் பேர் வரமாட்டார்கள், எனவே ஒப்புதல் வராவிட்டாலும் சிறிய நிகழ்ச்சி என்றால் நேரில் போய் மரியாதையாகக் கேட்டால் விட்டுவிடுவதும் உண்டு.

நாற்பது ஐம்பது பேர் இருக்கும் அறையில் பேசுவது 25,000 பேர் கூட்டத்தில் பேசுவதைவிட எவ்வளவோ சுலபம். பெரிய பெயர்கள்கூட மேடையிலிருந்து இறங்கி இங்கேதான் வருகிறார்கள். என் கணக்கில் சிங்கப்பூர் வாரத்தின் மதிப்பில் பெரும்பங்கு இந்தச் சின்ன அறைகளில்தான் இருக்கிறது.

ஆனால் செலவு முழுக்கக் குறைந்துவிடாது. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம், ஐந்தாறு மணி நேரம். பினாங்கிலிருந்து என்றால் விமானம்தான் சரிப்படும், ஒன்றரை மணி நேரம். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், வருகை அட்டையை மட்டும் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். தங்கும் செலவுதான் கழுத்தை நெரிக்கும். ஜொகூர் பாருவில் தங்கி தினமும் பாலம் தாண்டிப் போய் வரலாம் என்று சிலர் சொல்வார்கள், பகல் நிகழ்ச்சி மட்டும் என்றால் சமாளிக்கலாம், ஆனால் நல்ல பேச்சு நடப்பது இரவு ஒன்பதுக்கு மேல், அதற்கப்புறம் உட்லண்ட்ஸ் போய், குடிநுழைவு முடித்து, ஜேபியில் படுத்து, காலை எட்டு மணிக்கு மறுபடி வரிசையில் நிற்பது என்றால் இரண்டாம் நாளே உடம்பு தாங்காது. லிட்டில் இந்தியா பக்கம் கேப்சூல் ஹாஸ்டல் எடுப்பது மேல், சிராங்கூன் ரோட்டில் சாப்பாட்டுக்கும் கவலையில்லை.

மொழியையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரிலும் சரி, கோலாலம்பூரிலும் சரி, சில சைடு ஈவென்ட்களில் மேடையில் ஆங்கிலம், மேசையில் மாண்டரின். மாண்டரின் தெரியாதவர் ஓரமாக நின்றுவிட நேரும். அப்படி இருந்தால் மனம் தளர வேண்டாம், பத்து நிமிஷத்தில் கிளம்பி அடுத்ததுக்குப் போய்விடுங்கள். மறுபக்கம், சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்த தமிழ்ப் பொறியாளர்கள் பூத்துக்குப் பின்னால் நிறையவே இருக்கிறார்கள். தமிழில் பேச ஆரம்பித்தால் அந்த விற்பனைப் பேச்சு நின்று உண்மையான பேச்சு தொடங்கிவிடும். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே சம்பளம் இழுபறி என்பதெல்லாம் அப்படிக் கிடைக்கிற தகவல்தான்.

கோலாலம்பூரிலேயே

2025 ஜூலையில் மலேசியா பிளாக்செயின் வீக் இங்கேயே நடந்தது. கேஎல்சிசி கன்வென்ஷன் சென்டரோ, மைடெக்கோ, எந்த மண்டபமானாலும் ரயிலில் போய், கொஞ்சம் நடந்தோ கிராப் பிடித்தோ சேர்ந்துவிடலாம். ஹோட்டல் வேண்டாம், ரிங்கிட்டில் டிக்கெட், மாணவர் சலுகை பல நேரம் உண்டு. பினாங்குக்காரர்களுக்கு பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில், சுமார் நாலு மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல், பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தக்காரர் வீடு எப்படியும் ஒன்று இருக்கும்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. நம் ஊர் மாநாட்டில் கிடைத்து சிங்கப்பூரில் கிடைக்காத ஒன்று, நம் நாட்டுச் சட்டத்தை எழுதுகிறவர்கள். மலேசியாவில் டிஜிட்டல் நாணயமும் டோக்கனும் 2019 ஜனவரி 15 முதல் பங்குப் பத்திரமாக வரையறுக்கப்பட்டு, எஸ்சி என்று நாம் சொல்லும் பங்குப் பத்திர ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் டிஜிட்டல் சொத்துப் புத்தாக்க மையத்தைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் 2025 ஜூன் 17 அன்று சாசானா கீஜாங்கில் அறிவித்தார். இங்கே ஒரு ஸ்டார்ட்அப் நடத்த நினைக்கிறவருக்கு, வங்கியில் வேலை பார்க்கிறவருக்கு, வழக்கறிஞருக்கு, இந்த இரண்டு அமைப்புகளின் ஆட்களிடம் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்று கேட்கும் ஒரு கேள்வி, சிங்கப்பூரில் கேட்கும் பத்துப் பேச்சுக்குச் சமம். அமைச்சர் வரும் நாள் என்றால் பாத்தேக் சட்டையோ முழுக்கைச் சட்டையோ போட்டுப் போங்கள், மற்ற நாளில் டீசர்ட் போதும்.

குறையும் உண்டு. உலக அளவில் தொழில்நுட்பத்தை உருவாக்கும் ஆட்கள் குறைவாகத்தான் வருவார்கள். மேடையில் அரசாங்கத் திட்டங்களும் எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) கையெழுத்துப் படங்களும் கொஞ்சம் அதிகம். தொடக்க விழா நீளும்.

கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் எச்ஆரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்தோ அதற்கு மேலோ மலேசிய ஊழியரை வைத்திருக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை ஊழியர் பயிற்சிக்கான அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. மாநாட்டை நடத்துகிறவர் அங்கே பதிவு பெற்ற பயிற்சி வழங்குநராக இருந்தால் அந்தப் பணத்திலிருந்து டிக்கெட்டுக்கு விண்ணப்பிக்க வழியிருக்கலாம்.

எச்சரிக்கை வேண்டிய இடமும் உள்ளூர் மண்டபம்தான், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு முறை சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு சிறிய பூத். கிள்ளானிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் கோடு போட்ட நோட்டு. பூத்தில் நின்ற பையன் அவருடைய போனை வாங்கி ஒரு வாலட்டை, அதாவது கிரிப்டோ பணம் வைக்கும் செயலியை, நிறுவினான். திரையில் பன்னிரண்டு சொற்கள் வந்தன. "அங்கிள், மறந்துடாம இருக்க நானே ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பிடுறேன்" என்று சொல்லித் தன் போனைத் தூக்கினான். பக்கத்தில் நின்ற நான் திரையைக் கையால் மறைத்து, "சார், வேண்டாம், இப்படி வாங்க" என்று அவரைக் காப்பி மேசைக்குக் கூட்டிப் போனேன். அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கிறதோ பணம் அவருடையது, படம் எடுத்துவிட்டால் அந்த வாலட்டில் நீங்கள் போடும் ஒவ்வொரு ரிங்கிட்டையும் அவன் எந்த நாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், புகார் செய்தாலும் திரும்பி வராது என்று விளக்கினேன். அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கினோம், இந்த முறை அவரே பன்னிரண்டு சொற்களையும் நோட்டில் வரிசை எண் போட்டு அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து அவர் கேட்டார், "தம்பி, இதுல ஐம்பதாயிரம் போட்டா மாசம் எவ்வளவு வரும்?" அது அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பான ஈபிஎஃப் பணம். அவர் அந்த மண்டபத்துக்கு வந்ததே அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்றுதான்.

மாதம் இவ்வளவு வரும் என்று எந்தப் பூத்தில் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பிரமாண்ட மண்டபமும் ஒளி விளக்கும் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஒன்காயின் என்ற போலி நாணய மோசடியின் தலைவி ருஜா இக்னாட்டோவா 2016இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் மேடை ஏறினார், 2017 அக்டோபரில் தலைமறைவானவர் இன்னும் தேடப்படுகிறார். பிட்கனெக்ட் என்ற இன்னொரு கிரிப்டோ மோசடி அதே அக்டோபரில் நமக்குப் பக்கத்திலேயே, தாய்லாந்தின் பட்டாயாவில், பெரிய விழா எடுத்தது. 2018 ஜனவரியில் மூடப்பட்டது. பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 2017இல் ஜேஜேபிடிஆர் என்ற முதலீட்டுத் திட்டம் கவிழ்ந்தபோது எத்தனை குடும்பம் சேமிப்பை இழந்தது என்று சொல்லத் தீவிலேயே ஆள் இருக்கிறார்கள்.

உலக மாநாடுகளில் முன்வரிசையில் பூத் போடும் பெயர்களுக்குக்கூட மலேசியாவில் அனுமதி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கிரிப்டோ வாங்கி விற்கும் பரிமாற்றத் தளங்களில், பதிவில்லாமல் இங்கே இயங்கியதற்காக எஸ்சி 2021 ஜூலையில் பைனான்ஸ் மீதும், 2023 மே மாதத்தில் ஹுவோபி மீதும், 2024 டிசம்பரில் பைபிட் மீதும் நடவடிக்கை எடுத்தது. பதிவு பெற்ற பரிமாற்றத் தளங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, லூனோ அதில் ஒன்று, முழுப் பட்டியல் எஸ்சி இணையத்தளத்தில் இருக்கிறது, எச்சரிக்கைப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. பூத்தில் நின்றுகொண்டே போனில் தேடிப் பார்க்கலாம், ஒரு நிமிஷ வேலை. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண் 997ஐ அழையுங்கள்.

டெவலப்பர் கூட்டம்

கோடு எழுதத் தெரிந்த இளைஞர்கள் தயவுசெய்து இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். டெவ்கான் 2024 நவம்பரில் பேங்காக்கின் குயீன் சிரிகிட் மையத்தில் நடந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். தென்கிழக்காசியக்காரர்களுக்கு, மாணவர்களுக்கு, திறந்த மூலத்தில் பங்களிப்பவர்களுக்கு எனத் தனித்தனிச் சலுகை இருந்தது. தன்னார்வலராகச் சில மணி நேரம் வேலை செய்தால் இலவச நுழைவு என்ற ஏற்பாடும் உண்டு. அதன் அடுத்த பதிப்பு 2026 நவம்பரில் மும்பை. தீபாவளியும் அதே மாதம், இ-விசாவும் வேண்டும், அதனால் விமான டிக்கெட்டைச் சீக்கிரம் பாருங்கள்.

ஹேக்கத்தான் வேறு மாதிரி. ஈடிஎச்குளோபல் நடத்தும் ஹேக்கத்தான்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஒரு வைப்புத் தொகை கட்ட வேண்டும், வந்து திட்டத்தைச் சமர்ப்பித்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 36 மணி நேரம், சாப்பாடு அவர்களே போடுகிறார்கள், தூக்கம் பீன்பேக்கில். மாநாட்டு மண்டபத்தில் நீங்கள் தேடித் தேடி அலைந்தும் பார்க்க முடியாத பொறியாளர்கள் இங்கே உங்கள் மேசைக்குத் தாங்களாகவே வருவார்கள், ஏனென்றால் அவர்களுடைய கருவியை நீங்கள் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் கம்பெனி பரிசுத் தொகை வைத்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) ஓடாமல் நிற்கிறது, அதை எழுதிய குழுவைச் சேர்ந்தவரே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களோடு பிழை தேடுகிறார் என்றால், அந்த உறவு பேட்ஜ் ஸ்கேன் பண்ணி வருவதில்லை. பரிசு கிடைக்காவிட்டாலும் கிட்ஹப்பில் காட்ட ஒரு வேலை இருக்கும், அதைப் பார்த்து ஆள் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போனாலும் அங்கேயே குழு சேர்ந்துகொள்ளலாம், டிஸ்கார்டில் முன்கூட்டியே தேடினால் இன்னும் நல்லது.

கோடு தெரியாதவருக்கு இது ஒத்து வராது. டிசைனர் என்றால் மட்டும் விதிவிலக்கு, எல்லாக் குழுவும் டிசைனருக்குத்தான் ஏங்கும்.

வீட்டிலிருந்தே பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்றே தெரியாதவர், ஒரு மாதம் தினமும் ஒரு டெவ்கான் பேச்சைக் கேட்டுவிட்டு, அதற்கப்புறமும் ஆர்வம் இருந்தால் உள்ளூர் மீட்அப் ஒன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். விலை சுழியம்.

கிரிப்டோ விலை ஏறுமா இறங்குமா என்று தெரிந்துகொள்ள மட்டும் போக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த எந்த வழியும் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தக் காசை ஏஎஸ்எம் (அமானா சஹாம் மலேசியா) மாதிரி ஒரு சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள்.

எங்கே போனாலும்

வழக்கமாகப் பயன்படுத்தும் வாலட்டை மாநாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். புதிதாக ஒன்று உருவாக்கி, பரிவர்த்தனைக் கட்டணத்துக்கு வேண்டிய சில ரிங்கிட் மதிப்பை மட்டும் அதில் வைத்துக்கொண்டு போங்கள். வருகைச் சான்றாக போஆப் டோக்கன் கொடுப்பார்கள், பூத்தில் கியூஆர் குறியீடு ஸ்கேன் பண்ணச் சொல்வார்கள், பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, ஆனால் சுவரிலும் மேசையிலும் அனாதையாக ஒட்டியிருக்கும் குறியீட்டைத் தொடாதீர்கள். வாலட்டில் ஒப்புதல் கேட்டு வரும் செய்தியைப் படிக்காமல் அமுக்குவது காசோலையில் தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று யாரிடமும் பேச வேண்டாம், மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் பேட்ஜைக் கழற்றிப் பையில் போடுங்கள். 2025 ஜனவரியில் பிரான்சில், கிரிப்டோ வாலட் கருவி தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் இணை நிறுவனர் கடத்தப்பட்டதற்கப்புறம் இந்தத் துறையில் எல்லாரும் இதில் கவனமாக இருக்கிறார்கள்.

பெயர் அட்டை அச்சடிக்கத் தேவையில்லை, டெலிகிராமும் லிங்க்டினும் போதும். ஆனால் ஒரே நாளில் அறுபது பேரைச் சேர்த்துவிட்டு யார் யார் என்றே தெரியாமல் முழிப்பதைவிட, சேர்த்த உடனே அவர் பெயருக்குப் பக்கத்தில் எங்கே பார்த்தோம், என்ன பேசினோம் என்று இரண்டு சொல் போட்டு வையுங்கள். மாநாடு முடிந்த வாரத்தில் இன்னாராக வேஷம் போட்டு எழுதுகிற போலிக் கணக்குகள் நிறைய வரும், அப்போது அந்த இரண்டு சொல் உதவும். பேச்சைக் கேட்டவர் போல எழுதி, முதல் செய்தியிலேயே ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னாலோ, மீட்டிங் செயலியை நிறுவச் சொன்னாலோ தடுத்துவிடுங்கள்.

உண்மையிலேயே பேச விரும்பும் நாலைந்து பேருக்கு இரண்டு நாளுக்குள் எழுதிவிட வேண்டும், ஒரு வாரம் போனால் அவர்களுக்கு முகமே மறந்துவிடும். நீளமாக வேண்டாம். நாம் இன்ன இடத்தில் இன்னதைப் பற்றிப் பேசினோம், நீங்கள் சொன்னதை வைத்து நான் இதைச் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் ஒரு கேள்வி. செய்து பார்த்தேன் என்ற அந்த வரிக்குத்தான் பதில் வரும், எனவே திரும்பும்போது பஸ்ஸிலோ ரயிலிலோ லேப்டாப்பைத் திறந்து அதை நிஜமாகவே செய்துவிடுங்கள், பட்டர்வொர்த் போய்ச் சேர நாலு மணி நேரம் இருக்கிறது.